அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சின்னதாக ஒரு கிஃப்ட்

என்னைப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு விஷம் வைக்கக் கூடியவள் என்று யாருக்கும் தோன்றாது. ஒரு வண்டிகூட வராத தெருவிலும், நடப்பவர்களுக்கான விளக்கு பச்சையாகும்வரை நிற்பவள் நான். மிளகாய்த்தூள் டப்பாவில் காலாவதித் தேதி எழுதி ஒட்டுபவள். ஆனாலும் ஆறு வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் செவ்வாய்க்கிழமை, ஆஹென் நகரத்துப் பாலர் பள்ளி ஒன்றில், சுமார் நாற்பது நிமிடங்களுக்கு என்னைப் பற்றி அப்படித்தான் ஓர் அபிப்பிராயம் நிலவியது. அதற்கு எழுத்துபூர்வமான ஆதாரமும் இருந்தது. ஆதாரத்தை எழுதியவளும் நானே. (கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சேலத்தில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு ஜெர்மனி வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஆஹெனில் பொறியியல் படிக்க இடம் கிடைத்துவிடும்; படுக்க இடம் கிடைப்பதுதான் கஷ்டம். மாணவர் விடுதிக்கான காத்திருப்போர் வரிசையில் எனக்குக் கொடுத்திருந்த எண்ணைப் பார்த்தால், வேலையில் சேர்ந்து ஓய்வு பெறும் வயதில் அறை கிடைக்கும் போலிருந்தது. மூன்று தோழிகளின் அறைகளில் மாறி மாறித் தரையில் படுத்து, மூன்று தோழிகளையும் இழக்கும் நிலைக்கு வந்தபோதுதான் ஜெசிந்தா அக்கா வீட்டு மாடியறை கிடைத்தது.

ஜெசிந்தா அக்காவும் அவர் கணவர் அன்ரன் அண்ணையும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள். சின்ன வயதில் வெவ்வேறு குடும்பங்களோடு அகதிகளாக வந்து, இங்கே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அண்ணைக்கு பேக்கரியில். பட்டை, கிராம்பு போட்டு, பல்லை உடைக்கும் பதத்தில் பிரிண்டன் என்றொரு ரொட்டி ஆஹெனில் செய்வார்கள். டிசம்பர் வந்தால் ஊர் முழுக்க அதைத்தான் தின்னும். அதனால் அந்த மாதத்தில் அண்ணை பேக்கரியில் நின்றுகொண்டே இருப்பார், வீட்டில் படுத்துக்கொண்டே இருப்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் இரண்டு பேர்: ஏழு வயது மெலனி, ஐந்து வயது யூலியா. இருவரும் என்னை 'அன்ரி' என்றார்கள். (ஆன்ட்டி! இருபத்துமூன்று வயதில்!)

எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த மாணவன் ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறான். கீழே சோபாவில் படுத்திருந்த அன்ரன் அண்ணையின் மேல் உத்திரம் வழியாக மழை பெய்திருக்கிறது. இனி யாருக்கும் அறை கொடுப்பதில்லை என்று அண்ணை முடிவெடுத்திருந்தார். அக்காதான் மனமிரங்கினார். அறையைக் காட்டிவிட்டு, "நத்தார் மட்டும் இருங்கோ, பிறகு பாப்பம்" என்றார்.

நான் பணிவாகத் தலையாட்டினேன். நத்தார் என்று ஒரு பெரியவர் வரப்போகிறார், இங்கே அவர் மட்டும்தான் இருப்பார் என்று புரிந்துகொண்டேன்.

"அவர் எப்பக்கா வருவார்?"

"இருபத்தஞ்சாந் திகதி."

"எத்தனை நாள் தங்குவார்?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நத்தார் என்றால் கிறிஸ்துமஸ் என்றும், அவர்கள் ஊரில் 'மட்டும்' என்றால் 'வரைக்கும்' என்றும் மெலனி விளக்கிச் சொன்னபோது இரண்டு உண்மைகள் எனக்கு உறைத்தன. ஒன்று, கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் எனக்குக் கூரை. இரண்டு, நான் பேசும் தமிழும் இவர்கள் பேசும் தமிழும் ஒன்று என்று நம்பி ஏமாறக்கூடாது.

இரண்டாவதற்கு உடனே நடவடிக்கை எடுத்தேன். கைபேசியில் ஒரு சொற்பட்டியல். கதைப்பது என்றால் பேசுவது. வடிவு என்றால் அழகு. கெதி என்றால் வேகம். காணும் என்றால் போதும். மணக்குது என்றால் நாறுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் அறுபத்துமூன்று சொற்கள் சேர்ந்திருந்தன. இனி இந்த வீட்டில் எந்தக் குழப்பமும் வராது என்று திருப்தியாக இருந்தேன். அவர்கள் சொற்களை நான் தப்பாகப் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான் பட்டியல் போட்டேன். என் சொற்களை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பொறியியலில் இதை வேறு மரியாதையான பெயரால் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மடத்தனம் என்பார்கள்.

முதலாவது உண்மைதான் என்னை உறங்கவிடவில்லை. ஜனவரி இரண்டாவது வாரத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் விசா நீட்டிப்புக்கு நாள் கொடுத்திருந்தார்கள். போகும்போது கையில் ஒரு முகவரி இருக்க வேண்டும். தோழிகளின் தரைக்கு முகவரி கிடையாது. ஆகவே கிறிஸ்துமஸுக்குள், 'இந்தப் பிள்ளை போனால் வீடு வெறிச்சோடிவிடும்' என்று அந்தத் தம்பதியர் நினைக்கும்படி ஏதாவது செய்தாக வேண்டும். பாத்திரம் கழுவினேன். படிக்கட்டைத் துடைத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் யூலியாவைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவந்தேன். அண்ணை சோபாவில் கண்ணை மூடியபடியே எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியவில்லை.

அப்போதுதான் மெலனி ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பேப்பர் நட்சத்திரம்தான் செய்து குடுக்கிறம். என்ரை வகுப்பு லீனா கடையிலை தானே பாத்து எடுக்கிறவள்."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த சின்னச் சின்னப் பரிசுகள்! பெற்றவர்கள் உருகிவிடுவார்கள். உருகும்போது, இதையெல்லாம் முன்னின்று நடத்தியது யார் என்று கேட்பார்கள். நான் அடக்கமாக மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை மாலை சமையலறை மேசையில் திட்டக் கூட்டம். அக்கா வேலையில். அண்ணை சோபாவில். நான் ஒரு தாளை எடுத்து, தலைப்பை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கட்டம் கட்டினேன்: ஜி, ஐ, எஃப், டி. கிஃப்ட்.

(ஜெர்மன் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கைவைத்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காக: அதே நான்கு எழுத்துகள், ஏறக்குறைய அதே உச்சரிப்பு, ஜெர்மனில் 'கிஃப்ட்' என்றால் விஷம். எலி மருந்து டப்பாவிலும் கழிப்பறை கழுவும் புட்டியிலும் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். என் ஜெர்மன் பாடப்புத்தகத்தில் அப்போது பழங்களும் தளவாடச் சாமான்களும்தான் முடிந்திருந்தன. பிள்ளைகளுக்கோ ஜெர்மனும் வீட்டுத் தமிழும்தான் தெரியும். ஆங்கிலம் தெரியாது.)

குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடங்கினேன்.

"இது டாப் சீக்ரெட். அம்மா அப்பாவுக்கு நாம மூணு பேரும் சேர்ந்து கிஃப்ட் குடுக்கப் போறோம்."

யூலியா பிஸ்கட் மெல்வதை நிறுத்தினாள்.

"அம்மாவுக்கோ?"

"அப்பாவுக்கும்தான். ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"ஏன்?"

"ஏன்னா என்ன? அவங்க உங்களுக்காக எவ்வளவு கஷ்டப்படறாங்க!"

மெலனி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அவள் வழக்கப்படி காரியத்துக்கு வந்தாள். "எவ்வளவு குடுக்கோணும்?"

"சின்னதா போதும். சின்ன கிஃப்ட்டுக்குத்தான் எஃபெக்ட் ஜாஸ்தி."

"நோகுமோ?" என்றாள் யூலியா.

நோவது என்றால் வலிப்பது, பட்டியலில் பதினேழாவது சொல். பரிசு சின்னதாக இருந்தால் அம்மாவின் மனசு நோகுமா என்று கேட்கிறாள்! ஐந்து வயதில் என்ன பக்குவம் என்று வியந்தேன்.

"யாருக்கும் நோகாது. அம்மா அழுவாங்க. அப்பா அப்படியே விழுந்துடுவார் பாரேன்."

யூலியாவின் கண்கள் பெரிதாயின. நான் அதை உற்சாகம் என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு தாளில் வரிகள் எழுதினேன். எல்லாம் தமிழில், நல்ல கையெழுத்தில். யூலியாவுக்குப் படிக்கத் தெரியாதே என்று, பெறுபவர்களை அவளையே வரையச் சொன்னேன். அவள் கறுப்புப் பென்சிலை எடுத்து, தான் அப்பாவை எப்போதும் பார்க்கிறபடி, படுத்து, கண் மூடி, கை தொங்கி வரைந்தாள். மிச்சமிருந்த இடம் ஒடுக்கம் என்பதால் அம்மாவையும் பக்கத்தில் படுக்கவைத்தாள். மெலனி தலைமாட்டில் 'பாப்பா', 'மாமா' என்று, அதாவது ஜெர்மன்காரர்கள் அப்பா அம்மாவைச் சொல்கிற மாதிரி, எழுதினாள். நான் கீழே தேதி போட்டேன்: இருபத்துநான்கு, பன்னிரண்டு. (இங்கே முதல் நாள் மாலையே பரிசுகளைப் பிரித்துவிடுவார்கள்.) இரண்டு பேருக்கும் பக்கத்தில் சரி போட ஆளுக்கொரு கட்டம்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். சோப்பு, சீப்பு, குழந்தைத் துணி, மெழுகுவத்தி எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை. அப்பாவுக்கு மெலனி, அம்மாவுக்கு யூலியா என்று பொறுப்பைப் பிரித்திருந்தேன். மெலனி இரண்டு நிமிடத்தில் ஒரு சின்னப் புட்டியோடு வந்தாள். உள்ளே நீல நிறத்தில் பளபளவென்று தூள். வெந்நீரில் போட்டுக் காலை ஊறவைக்கிற உப்பு.

"அப்பான்ரை கால் மணக்குது," என்றாள்.

(பட்டியலில் இருக்கிறதே, எனக்குப் புரிந்தது.)

சரி போட்டேன். யூலியா மட்டும் நீலத் தூளையே பார்த்துக்கொண்டு நகராமல் நின்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கைக்குப் பூசும் கிரீம் காட்டினேன். வேண்டாம். பூப்போட்ட குளியல் தொப்பி. வேண்டாம். கடைசியில் கீழ்த் தட்டிலிருந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் பெட்டி ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டைனோசர் படம் போட்டது.

"யூலியா, இது பசங்க ஒட்டிக்கறது. அம்மாவுக்கு எதுக்கு?"

"தேவைப்படும்."

"அம்மாவுக்குக் காயமே இல்லையே?"

"இப்ப இல்லை," என்றாள். இன்னொரு பெட்டியும் எடுத்தாள். "இது அப்பாவுக்கு."

"அப்பாவுக்குத்தான் ஏற்கனவே எடுத்தாச்சே!"

"அதாலைதான்."

மெலனி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தங்கையைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எனக்கு எரிச்சல். அழகான, வீட்டுக்குப் பயன்படுகிற, பார்த்ததும் கண்ணீர் வரக்கூடிய பொருள் என்று நான் எதிர்பார்த்திருக்க, என் எதிர்காலம் இரண்டு பெட்டி டைனோசரை நம்பி நின்றது. விவாதித்துப் பயனில்லை. வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை சுற்றிக் கட்டி, என் கட்டிலுக்குக் கீழே வைத்து, பட்டியலில் மிச்சமிருந்த கட்டத்திலும் சரி போட்டு, என் அறைக் கதவின் உட்புறம் ஒட்டினேன்.

திங்கட்கிழமை மாலை பட்டியலைக் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை நண்பகல் யூலியாவைக் கூட்டிவரப் போனேன். வாசலில் அவளுடைய ஆசிரியை ஃப்ராவ் ஹோல்ட்ஸ். என்னைக் கண்டால் பல் தெரியச் சிரிப்பவர், அன்று உதட்டை இறுக்கிக்கொண்டு, "உள்ளே வாருங்கள், யூலியாவின் அம்மாவும் இங்கேதான் இருக்கிறார்" என்றார். சிறு பிள்ளைகள் உட்காரும் முழங்கால் உயர நாற்காலியில் ஜெசிந்தா அக்கா, முதியோர் இல்லத்துச் சீருடைக்கு மேல் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மேசையில் என் பட்டியல்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ஆ! நன்றி! நான் இதைத் தேடினேன்!" என்று ஜெர்மனில் சொன்னேன்.

"இது உங்களுடையதா?"

"ஆமாம். நான் எழுதினேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கிஃப்ட். இருபத்துநான்காம் தேதி கொடுப்போம். பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். தயவுசெய்து, இது ரகசியம்!"

ஒரு இலக்கணப் பிழை இல்லை. வாய்மொழித் தேர்வாக இருந்திருந்தால் முழு மதிப்பெண். ஃப்ராவ் ஹோல்ட்ஸ் மெதுவாக எழுந்து போய், அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல இருந்தது.

"பிள்ளை, நாங்கள் உமக்கு என்ன செய்தனாங்கள்?" என்றார்.

ரகசியமாக வைத்ததற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். "நீங்க எவ்வளவோ செஞ்சிருக்கீங்கக்கா. அதுக்குத்தான் இது," என்றேன்.

"என்ரை மாதாவே!" என்றார் அக்கா.

மற்ற வரிகளில் என்ன எழுதியிருக்கிறது, மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா என்று ஃப்ராவ் ஹோல்ட்ஸ் அக்காவிடம் கேட்டார். அக்கா தாளைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து ஜெர்மனில் சொன்னார். அளவு: சிறியது. வாசனை: இருக்கவே கூடாது, அப்பா கண்டுபிடித்துவிடுவார். (நாள் முழுக்கக் கிராம்பு வாசனையில் நிற்பவருக்கு மூக்கு கூர்மை என்ற அர்த்தத்தில் எழுதியது.) மறைக்கும் இடம்: நிவேதா கட்டிலுக்குக் கீழே. (நிவேதா நான்தான்.) எச்சரிக்கை: கடைசி நிமிடம்வரை இருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது. நேரம்: சாப்பாட்டுக்கு முன்பா, சாப்பாட்டோடா என்று பிறகு முடிவு செய்யலாம்.

ஃப்ராவ் ஹோல்ட்ஸின் கை மெதுவாகச் சட்டைப்பையிலிருந்த தொலைபேசிக்குப் போனது. அக்கா கடைசி வரிக்கு வந்தார். "மேல் தாள்: சிவப்பு, நட்சத்திரம் போட்டது. ரிப்பன்: தங்க..."

நிறுத்தினார். மறுபடி வாசித்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை. ஏன் ரிப்பன்?"

"என்னக்கா கேள்வி? கிஃப்ட்டுக்கு ரிப்பன் கட்டாமயா குடுப்பாங்க?"

அக்கா தாளைக் கீழே போட்டார்.

"நீர் இந்த 'கிஃப்ட்' எண்டு சொல்லுறது..." அக்கா ஒவ்வொரு சொல்லாக, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கி வைப்பது போல் வைத்தார். "இங்கிலீசோ?"

"வேற என்ன?"

"பரிசோ?"

"ஆமாக்கா, பரிசு!"

"பரிசெண்டு சொல்லுறதுக்கு உமக்கு என்ன வாய் நோவே!" என்று அலறிவிட்டு, அக்கா சிரிக்கத் தொடங்கினார். சாதாரணச் சிரிப்பில்லை. அந்தக் குட்டி நாற்காலி தாங்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து அக்காவைத் தரையில் இறக்கியது. தரையில் உட்கார்ந்தபடியே அவர் ஃப்ராவ் ஹோல்ட்ஸுக்கு ஜெர்மனில் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு எனக்கும் விளக்கினார். நான் கடந்த ஐந்து நாட்களில் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். 'சின்ன கிஃப்ட்டுக்குத்தான் எஃபெக்ட் ஜாஸ்தி' என்ற இடத்தில் எனக்கும் உட்கார இடம் தேவைப்பட்டது.

ஃப்ராவ் ஹோல்ட்ஸ் சிவந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்டார். தலைப்பைப் பார்த்ததும் அவருக்கும் ஆங்கிலச் சொல்தான் நினைவுக்கு வந்ததாம். "ஆனால் படத்தைப் பார்த்தேன்," என்று கறுப்புப் பென்சில் சடலங்களைக் காட்டினார். கட்டிலுக்குக் கீழே நீலத் தூள் இருக்கிறது, அதைக் கொடுத்தால் அப்பா அப்படியே விழுந்துவிடுவார் என்று அன்ரியே சொன்னாள் என்று யூலியா காலையிலிருந்து அழுதிருக்கிறாள்.

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. யூலியாவைக் கூட்டிவந்தார்கள். அழுது வீங்கிய முகம். அக்கா அவளை மடியில் இழுத்துக்கொண்டார்.

"உன்னட்டை இந்தத் தாள் எப்பிடி வந்தது, குஞ்சு?"

"நான்தான் எடுத்தனான்." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "லிஸ்ட் இல்லாட்டி அன்ரிக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

(என்னைப் பற்றி இதைவிடச் சரியான கணிப்பை அதன் பிறகு எந்த மேலாளரும் சொன்னதில்லை.)

"அப்ப பிளாஸ்டர் ஏன் எடுத்தனீ?" என்று, கடையில் நடந்ததை நான் சொன்னதும் அக்கா கேட்டார்.

"அது வயித்திலை ஓட்டை போடும். ஓட்டைக்கு ஒட்டலாம்."

அக்கா சிரிக்கவில்லை. பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் சொன்னது பலித்துவிட்டது: அம்மா அழுதார்.

பேருந்தில் வீடு திரும்பும்போது அக்கா என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிரித்து முடித்த பிறகு வருகிற மௌனத்தை நான் அறிவேன். அதில்தான் மனிதர்கள் யோசிப்பார்கள். ஐந்து நாட்கள் ஒரு சின்னப் பிள்ளை தன் அப்பா அம்மா சாகப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறாள். எதிரே உட்கார்ந்து நான் ரிப்பன் நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வீடு வந்ததும் மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேல் எழுத வரவில்லை.

மாலையில் கீழேயிருந்து அண்ணையின் குரல். "நிவேதா, ஒருக்கா இஞ்சை வாரும்."

அன்ரன் அண்ணை சமையலறையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார்! முதல் தடவையாக. முகம் கல் மாதிரி. பக்கத்தில் அக்கா, எதிரே இரண்டு பிள்ளைகள். என் முன்னால் ஒரு கோப்பைத் தேநீரைத் தள்ளினார்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை," என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"நான் தொண்ணூற்றிரண்டு கிலோ. நீர் சின்னப் புட்டி ஒண்டுதான் வாங்கியிருக்கிறீர். காணுமோ?"

எனக்கு விளங்க மூன்று விநாடி ஆனது. அதற்குள் அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கத் தொடங்கியிருந்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று சரியாக ஞாபகமில்லை. தேநீரை அவர் முதலில் ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார் என்பது ஞாபகமிருக்கிறது.

மெலனியிடம் விசாரணை நடந்தது. அவள் எந்தக் கூச்சமும் இல்லாமல் ஒப்புக்கொண்டாள்.

"எனக்குச் சனிக்கிழமை கடையிலையே விளங்கிட்டுது. அன்ரி பரிசைத்தான் அப்பிடிச் சொல்லுறா எண்டு."

"பிறகேன் தங்கச்சிக்குச் சொல்லேல்லை?"

"அவள் என்ரை மினுங்கல் பேனையை உடைச்சவள்."

இருபத்துநான்காம் தேதி மாலை, பூசைக்குப் போய் வந்து, கிறிஸ்துமஸ் மரத்தடியில் பொதிகளைப் பிரித்தார்கள். யாருக்கும் எந்த ஆச்சரியமும் மிச்சமிருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் செவ்வாய்க்கிழமையே எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே. ஆனாலும் அண்ணை உடனே வாளியில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, நீலத் தூளைக் கொட்டி, இரண்டு காலையும் உள்ளே விட்டார். யூலியா மட்டும் நம்பவில்லை. எத்தனை பேர் விளக்கியும், பிளாஸ்டர் பெட்டியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் காவல் நின்றாள்.

அண்ணை கண்ணை மூடினார். "ஆ... சுகமா இருக்கு," என்றார். பிறகு, எந்தக் கெட்ட நேரத்தில் தோன்றியதோ, தலையை ஒருபக்கம் தொங்கவிட்டு, "ஹக்" என்று ஒரு சத்தம் போட்டார்.

யூலியா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பாய்ந்து அப்பாவின் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, நெற்றியில் இரண்டு என்று டைனோசர்களை ஒட்டத் தொடங்கினாள். அக்கா துண்டால் அண்ணையின் முதுகில் சாத்தினார். "பிள்ளையோடை விளையாடுற விளையாட்டோ இது! விசர் மனிசன்!" அண்ணை தண்ணீரை வீடு முழுக்கத் தெறித்துக்கொண்டு எழுந்து, யூலியாவைத் தூக்கிக்கொண்டு, "பார் குஞ்சு, பிளாஸ்டர் வேலை செய்திட்டுது! அப்பா எழும்பிட்டன்!" என்றார்.

அதை யூலியா நம்பினாள். அன்றுதான் அவள் முகம் தெளிந்தது. தூங்கப் போகுமுன் அம்மாவின் வயிற்றிலும், முன்னெச்சரிக்கையாக, ஒன்று ஒட்டினாள். பிறகு என்னிடம் வந்து, கொஞ்சம் யோசித்து, எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

தரையில் கிடந்த நீலத் தண்ணீரை நானும் அக்காவும் துடைத்தோம். நத்தார் வந்துவிட்டது. 'பிறகு பாப்பம்' என்ற அந்தப் பிறகும் வந்துவிட்டது. துணியைப் பிழிந்தபடி அக்காதான் பேசினார்.

"உம்மடை அறை ஜன்னலுக்கு நல்ல திரை இல்லை. தை மாசம் தைச்சுப் போடுறன். என்ன நிறம் வேணும்?"

"எந்த நிறமும் பரவாயில்லக்கா," என்றேன்.

"நீலம் வேண்டாம், என்ன?" என்றார் அக்கா.

படிப்பு முடியும்வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். இப்போது எர்லாங்கனில் வேலை. சைக்கிளில் அலுவலகம் போகிறேன். சிவப்பு விளக்கில் நிற்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆஹெனுக்கு ஒரு பொதி அனுப்புவேன். கிடைத்ததும் யாராவது அழைப்பார்கள். ஒரு வருடம், பொதியை யார் முதலில் பிரிப்பது என்று சீட்டுக் குலுக்கினோம் என்றாள் மெலனி. மறு வருடம், சாக்லேட்டை முதலில் பக்கத்து வீட்டு நாய்க்குக் காட்டினோம், மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது என்றார் அக்கா. யூலியாவுக்கு இப்போது பதினொரு வயது. தனக்கு அந்தக் கதை எதுவுமே ஞாபகமில்லை என்று சாதிக்கிறாள். அவளைத் தவிர அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும், அங்கே வந்துபோகும் விருந்தாளிகளுக்கும்கூட, அது மனப்பாடம்.

போன மாதம் எனக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், இங்கேதான் வேலை. ஆஹெனுக்கு வீடியோவில் அழைத்து அறிமுகம் செய்துவைத்தேன். அக்கா வாயெல்லாம் பல்லாக வாழ்த்தினார். அண்ணை சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, அவரை நிதானமாகப் பார்த்தார். சம்பளம் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

"தம்பி, வீட்டிலை சமையல் ஆர்?"

அவர் ஒன்றும் புரியாமல், "நான்தாங்க பெரும்பாலும்," என்றார்.

"அப்ப பயமில்லை," என்றார் அண்ணை. "கட்டுங்கோ."